தோணி விற்ற காசு

பதினொரு மாத உதவித்தொகை நிலுவை ஒரே நாளில் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தால் ஓர் ஆய்வு மாணவன் முதலில் கடனை அடைப்பான். நானும் அடைத்தேன். அதன் பின்னும் சிறிது எஞ்சியது. அந்த எச்சத்தைத்தான் சென்ற தை மாதத்தில் மாலத்தீவுக் கடலில் ஆறு நாளில் கரைத்துவிட்டு வந்தேன். ‘உனக்கு எதற்குப் படகு உல்லாசம்?’ என்று கேட்ட நண்பர்களிடம் அப்போது ‘களப்பணி’ என்று சொன்னேன். இப்போது வேறு விடை இருக்கிறது. அது சற்று நீளம். பொறுமை உள்ளோர் தொடர்க.

திட்டம் என்னுடையது அன்று. காரியவட்டம் வளாகத்தில் கடல்வாழ் உயிரிகளை ஆராயும் நண்பர் ஒருவர் எட்டுப் பேரைச் சேர்த்து, படகோட்டி, சமையற்காரர் முதலிய ஆட்களோடு ஒரு தோணியை ஆறு நாள் வாடகைக்குப் பேசியிருந்தார்; கடைசி நேரத்தில் ஓரிடம் காலியாயிற்று. முதலில் இலட்சத்தீவுக்கே போக எண்ணினார்களாம். நம் நாட்டின் இலட்சத்தீவுக்குள் நுழைய இந்தியக் குடிமக்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அயல்நாடான மாலத்தீவிலோ கடவுச்சீட்டோடு போய் இறங்கினால் தங்க இசைவு கிடைத்துவிடுகிறது. தொலைவும் பெரிதன்று. திருவனந்தபுரத்திலிருந்து மாலே சுமார் 600 கிலோமீட்டர். இங்கிருந்து தொடர்வண்டியில் சென்னைக்குப் போவது அதைவிடத் தொலைவு.

நான் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் என் ஆய்வேடு. தமிழ், மலையாளம், திவேகி ஆகிய மூன்று மொழிகளிலும் வழங்கும் கடல்தொழிற் சொற்களை ஒப்பிடுவது என் பொருள். நான்காம் இயலுக்கு ‘தமிழிலிருந்து தீவுகளுக்கு’ என்று தலைப்பிட்டு, பாதி எழுதி வைத்திருந்தேன். அந்தத் தலைப்பில் ஒரு பெருமிதம் இருந்ததை நெறியாளர் கவனித்துவிட்டுச் சிரித்தார், வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் துறையில் 1950களில் பேராசிரியராக இருந்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. அவர் இருந்த துறையிலிருந்துகொண்டு பெருமிதத்தைச் சான்றாகக் காட்டுவது கூச்சம் தர வேண்டிய செயல்தான். எனக்கு அப்போது கூசவில்லை.

தோணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் ‘பாரம்பரியத் தோணி’ என்றிருந்தது. பிறைபோல் மேல்நோக்கி வளைந்த முகப்பு, மர உடல், ஒற்றைப் பாய்மரம் ஆகியவை உண்டு. அடியில் டீசல் எந்திரம், ஆறு சிற்றறைகள், உப்புநீரை நன்னீராக்கும் கருவி ஆகியவையும் உண்டு. மாலத்தீவின் மீன்பிடித் தோணிகளில் எந்திரம் ஏறத் தொடங்கியது 1974-இல். அதற்கு முன் தென்னை மரத்தில் கட்டிய தோணியும் பாயுமே வாழ்க்கை. முதல் உல்லாச விடுதி திறந்தது 1972-இல். இரண்டு ஆண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டும் சேர்ந்து பாயை வாழ்க்கையிலிருந்து எடுத்து விளம்பரத்தில் வைத்தன. அந்த முதல் விடுதியின் பெயர் குரும்பா. திவேகியில் இளநீர் என்று பொருள். நம் குரும்பையேதான். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் முதற்சொல்லாக அதை எழுதினேன்.

ஆட்கள் ஐவர்: தலைவர், எந்திரம் பார்ப்பவர், கயிறும் நங்கூரமும் பார்க்கும் இளைஞர் இருவர், வங்கதேசத்துச் சமையற்காரர். முதல் நாள் மாலை ஒரு பவளத்திட்டின் அருகே நங்கூரம் இழுக்கும்போது நான் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டேன். எண்ணிச் செய்தது அன்று. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவன் நான். அப்பா கட்டுமரத்தில் தொடங்கி நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர். 2017-இல் ஒக்கிப் புயலில் கூட்டாளிகளை இழந்தபின் போகவில்லை. பிறர் கயிறு இழுக்கும்போது கைகட்டி உட்கார்ந்திருப்பது எங்கள் ஊரில் வசவுக்குரியது. அந்த இளைஞர் சிரித்தபடியே என் கையிலிருந்து கயிற்றை விடுவித்தார். ‘நீங்கள் விருந்தினர்’ என்றார். அறுபதைக் கடந்த தலைவர் பின்னாலிருந்து, மலையாளத்தில், ‘மோனே, உட்கார். உனக்காக அவனுக்குச் சம்பளம் தருகிறார்கள்’ என்றார்.

மலையாளம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். ‘உங்கள் ஊரில்தான், ஏழு மாதம் இருந்தேன், குமாரபுரத்தில்.’ அங்கே எல்லாரும் தம்மை இக்கா என்று அழைத்ததாகவும், நானும் அப்படியே அழைக்கலாம் என்றும் சொன்னார்.

திருவனந்தபுரத்தில் வாழ்வோருக்கு இதில் வியப்பில்லை. மருத்துவத்துக்காக மாலத்தீவிலிருந்து வருவோர் குமாரபுரத்தில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்குவது பல்லாண்டு வழக்கம். மருந்துச் சீட்டோடு ஆட்டோவுக்கு நிற்கும் தீவுக் குடும்பங்களை நானே எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். ஆகவே ‘ஓ, மருத்துவமனைக்கா?’ என்று கேட்டுவிட்டு, அவர் தலையசைத்ததும், பாய்மரத்துக்குத் திவேகியில் என்ன சொல் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். யாருக்கு நோய், என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சொல் பொறுக்கப் போனவன் நான்.

சொற்கள் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். பவளத்திட்டுக்கு ‘ஃபரு’ என்றார். நம் முத்துக் குளிப்போர் ‘பார்’ என்பதும், எங்கள் கரையில் மீன் கூடும் கடலடிப் பாறையைப் பார் என்பதும் நினைவுக்கு வந்தன. திவேகியில் பழைய பகரம் பிற்காலத்தில் ஃபகரமாயிற்று. 1602-இல் கப்பல் உடைந்து இத்தீவுகளில் ஐந்தாண்டு சிறைப்பட்டுக் கிடந்த பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த சொற்களில் இன்னும் பகரமே இருக்கிறது. நீதிபதியை இன்று ‘ஃபந்தியாரு’ என்பார்கள். அவர் காதில் விழுந்தது ‘பந்தியாரே’. ஆக ஃபரு ஒரு காலத்தில் ‘பரு’வாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் சொற்களைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அவர்களுடைய காலக்கணக்கு. மூன்றாம் நாள் காலையில் காற்று ஒரே சீராக வடகிழக்கிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் வாடை என்போம். இக்கா வானைப் பார்த்து, ‘ஹுவன் அல்லவா, இப்படித்தான் இருக்கும்’ என்றார். ஹுவன் என்றால்? ‘நகை’ என்றார். ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது: நட்சத்திரம். ஆண்டை இருபத்தேழாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள் ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் காற்று எப்படி, மழை எப்படி, எந்த மீன் எங்கே என்று தீவுக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: கெதி, ரோனு, அதா, ஹிதா, மூலா, ரேவா. கார்த்திகை, ரோகிணி, ஆதிரை, சித்திரை, மூலம், ரேவதி. ஹுவன் என்பது சிரவணம், நம் ஓணம். கேரளத்து உழவர்கள் விதைக்கவும் நடவும் பார்க்கும் ஞாற்றுவேலையும் இதே கணக்குத்தான். ஞாயிறு ஒரு நாள்மீனில் தங்கும் பதின்மூன்றரை நாள். திருவாதிரை ஞாற்றுவேலையில் மிளகுக்கொடி நடுவோரும், அதே இருபத்தேழில் சூரைமீனுக்குத் தோணி இறக்குவோரும் ஒரே பஞ்சாங்கத்தின் இரு பக்கங்களை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது தமிழிலிருந்து தீவுக்குப் போனது அன்று. தமிழுக்கும் தீவுக்கும் பொதுவாக வேறெங்கிருந்தோ வந்தது. நான்காம் இயலின் தலைப்பு அந்தக் காலையில் ஆட்டம் கண்டது.

தோணி என்ற சொல்லேகூட அப்படித்தான். சங்கப் பாடலில் இருக்கிறது. திவேகியில் ‘தோனி’ என்று இருக்கிறது. ஆனால் வடமொழித் ‘திரோணி’யோடு அதன் உறவு என்ன, எது எதற்குத் தாய் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆய்வேட்டில் இதை அடிக்குறிப்பில் தள்ளி வைத்திருந்தேன். அடிக்குறிப்பு, ஆய்வாளர்கள் தம் மனச்சான்றைக் கட்டிவைக்கும் இடம்.

அன்று பிற்பகல் தெற்கு மாலே வளையத்தைத் தாண்டி வாவு வளையத்துக்குப் போகும் கால்வாயில் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயேற்றினார்கள். பயணத்திட்டத்தில் ‘பாய்மர அனுபவம், ஒரு மணி நேரம்’ என்று அச்சிட்டிருந்தது அதுதான். எல்லாரும் கைபேசியை எடுத்தார்கள். நானும் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். எந்திரம் நின்றதும் முதலில் காதில் விழுந்தது தோணியின் சொந்த ஓசை: மரம் மரத்தோடு உரசுவது, பக்கவாட்டில் நீர் வழிந்தோடுவது, பாயின் விளிம்பு படபடப்பது. முக்கோணப் பாய் காற்றைக் குடித்துப் புடைத்ததும் தோணி ஒரு பக்கம் சாய்ந்து, தன் நடையைக் கண்டுகொண்டதுபோல் நகர்ந்தது. இக்கா சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவும் துடுப்பை அப்படித்தான் பாதத்தால் அணைத்துக்கொள்வார்.

நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். எங்கள் ஊரில் அதை நீவாடு என்பார்கள் என்றும், கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர்கோட்டில் நிறுத்திக் கணியம் பார்த்துக் கடலில் இடம் குறிப்பார்கள் என்றும் சொன்னேன். அவர் மிகவும் சிரித்தார். ‘எங்களுக்கு மலை ஏது?’ என்றார். அவருடைய தந்தை நீரின் நிறத்தைப் பார்த்தே வழி கண்டவராம். வெளிர்பச்சை என்றால் மணல்; பழுப்பு என்றால் பவளம், விலகு; கருநீலம் என்றால் ஆழம், போ. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும். வெயில் முகத்தில் அடிக்கும் நேரத்தில் திட்டுகளுக்கிடையே போகாதே. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தையின் தோணிக்கு எந்திரம் வந்தது. ‘அப்பாவுக்கு அழுகையும் வந்தது, மீனும் கூடுதலாக வந்தது’ என்றார். இதில் ஏக்கம் எவ்வளவு, கேலி எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் ஆனதும் இளைஞர் கைக்கடிகாரத்தைக் காட்டினார், பாய் இறங்கிற்று.

இரவு ஃபுலிதூ தீவருகே நின்றோம். மற்றவர்கள் கரையில் போதுபெரு என்னும் பெருமேளம் கேட்கப் போய்விட்டார்கள். நான் இக்காவோடு தங்கிவிட்டேன். இன்னும் சில சொற்கள் மிச்சமிருந்தன. பேச்சுவாக்கில், ஆயிரம் ஆண்டுக்கு முன் எங்கள் மன்னன் இராசராசன் இத்தீவுகளை வென்றான் என்றும், பழந்தீவுகள் பன்னீராயிரம் என்று அவன் மெய்க்கீர்த்தி கணக்குச் சொல்கிறது என்றும் சொன்னேன். ‘பன்னீராயிரத்தையும் எண்ணியது யார்?’ என்று கேட்டார். உண்மையில் தீவுகள் ஆயிரத்து இருநூறுக்குள்தான். ஆனால் மாலத்தீவுச் சுல்தான்களும் தம்மைப் பன்னீராயிரம் தீவுகளுக்கு அரசர் என்றே அழைத்துக்கொண்டார்கள் என்று பிரார் எழுதியிருக்கிறார். வென்றவனுக்கும் ஆண்டவனுக்கும் பொய்க்கணக்கு ஒன்றே.

பிறகு அவர் கேட்டார்: ‘நீ மலையாளியா, தமிழனா?’

தமிழன் என்றேன். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கோபமில்லாமல், ஒரு தேதியைச் சொல்வதுபோல் சொன்னார்: ‘நவம்பர் 3.’

எனக்குத் தெரியும். 1988 நவம்பர் 3. மாலத்தீவு வணிகர் ஒருவர் அமர்த்திய கூலிப்படையாக ஈழத் தமிழ் ஆயுதக் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள் மாலேயில் இறங்கி அரசைக் கவிழ்க்க முயன்றார்கள். அன்றிரவே இந்தியப் படை விமானத்தில் வந்து அதை முறியடித்தது. அந்நாட்டில் அது வெற்றி நாள், விடுமுறை. அப்போது இக்காவுக்கு இருபத்து நான்கு வயது. மாலே துறைமுகத்தில் சுமை இறக்கிக்கொண்டிருந்தார். விடியலில் வெடிச்சத்தம் கேட்டு ஒரு கிடங்கின் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பகல் முழுதும் படுத்திருந்தாராம். ‘அன்றைக்குத்தான் தமிழை முதலில் கேட்டேன்; தெருவில் கத்திக்கொண்டு போனார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. சொல் கேட்டு எழுதுகிறாயே, அதையும் எழுதிக்கொள்.’

நான் எழுதவில்லை. அவர் சொன்னது தவறு என்றோ, அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்றோ விளக்கவும் இல்லை. விளக்கத் தொடங்கினால் வரலாறு என் பக்கம் நிற்காது என்று எனக்கே தெரிந்திருந்தது. 1752-இல் கண்ணூர் அலி ராஜாவின் ஆட்கள் மாலேயைப் பிடித்தார்கள். அதற்கு நானூறு ஆண்டு முன்னால், இங்கே காஜியாக இருந்து பிணங்கிக்கொண்டு போன இபின் பதூதா, மதுரையில் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியோடு சேர்ந்து இத்தீவுகள்மேல் படையெடுக்கத் திட்டம் போட்டார். இருவரும் சகலைகள், குடும்பத் திட்டம். சுல்தான் இறந்ததால் அது நடக்கவில்லை. இதே பயண நூலில்தான் இத்தீவுகளின் தென்னங்கயிறும் சோழியும் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போயின என்ற அருமையான செய்திகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் மேற்கோள் காட்டுவது என் வழக்கம். தமிழ்க்கரையிலிருந்து சொல் வந்த தோணியில் வாளும் வந்திருக்கிறது. நான்காம் இயலில் வாளுக்கு ஒரு வரிகூட இல்லை.

மௌனத்தைக் கலைக்கத்தான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். திருவனந்தபுரத்துக்கு யாருக்காக வந்தீர்கள்?

அம்மாவுக்காக. 2011. சிறுநீரகம். அந்நாட்டில் எல்லாருக்குமான ‘ஆசந்தா’ மருத்துவக் காப்புத் திட்டம் வந்தது 2012-இல். ஓராண்டு முந்திவிட்டது நோய். அவருக்கும் அவர் தம்பிக்கும் சேர்ந்து ஒரு மீன்பிடித் தோணி இருந்தது. அதை விற்றார்கள். ஏழு மாதம் அந்தப் பணம் வீட்டு வாடகையாகவும், ஆட்டோவாகவும், இரத்தச் சுத்திகரிப்பாகவும், மருந்தாகவும் குமாரபுரத்தில் கரைந்தது. மாலையில் பேருந்து பிடித்துச் சங்குமுகம் கடற்கரைக்குப் போவாராம். எல்லாரும் மறையும் ஞாயிற்றைப் பார்க்க, அவர் அதற்கு இடப்பக்கம், தென்மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஊர் அந்தத் திசை. ‘மோனே, நீ பாரம்பரியத் தோணி தேடி இவ்வளவு தூரம் வந்தாய். என் தோணி உன் ஊரில்தான் இருக்கிறது’ என்று சொல்லிச் சிரித்தார். அதன் பிறகுதான் அவர் பிறர் தோணிக்குச் சம்பளத் தலைவர் ஆனது.

அம்மா ஊர் திரும்பவில்லை. உடலைக் கொண்டுபோகப் பணமில்லை. நகரத்துப் பள்ளிவாசல் ஒன்றின் மையவாடியில் அடக்கினார்கள். மூன்றாம் நாள் இவருக்கு விமானம். மீசான் கல் நட்டதை அவர் பார்க்கவில்லை. அவர்கள் தீவுகளில் பவளக்கல்லைச் செதுக்கி நடுவது பழைய வழக்கம்: ஆணுக்குக் கூர்ந்த தலை, பெண்ணுக்கு வளைந்த தலை. ‘அங்கே என்ன கல் வைத்தார்கள் என்று போய்ப் பார்த்துச் சொல்வாயா? கடல் ஓசை அங்கே கேட்குமா என்றும் பார்’ என்றார். பள்ளிவாசலின் பெயரை என் குறிப்பேட்டிலேயே, ஃபரு, குரும்பா, ஹுவன் வரிசையின் கீழே, தம் கையால் எழுதினார்.

மீதி நாள்களும் நன்றாகவே போயின. திருக்கைகள் கரையோரம் வந்து காலைத் தொட்டன. சமையற்காரர் சூரைமீனைத் தேங்காயோடு பிசைந்து மாஸ்ஹுனி செய்து தந்தார். தூத்துக்குடிக் கடைகளில் மாசி என்று விற்கும் கருவாடு இத்தீவுகளின் பண்டம். ‘மஸ்’ என்றால் திவேகியில் மீன். இந்தச் சொல் அங்கிருந்து நமக்கு வந்திருக்கிறது என்பதே என் எண்ணம். இதைப் புதுத் தலைப்போடு எழுதப்போகும் இயலின் தொடக்கத்தில் வைப்பேன். கடைசி நாள் நங்கூரக் கயிற்றை நான் பிடித்தபோது யாரும் தடுக்கவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அந்தப் பள்ளிவாசலுக்குப் போனேன். பொறுப்பாளர் பெரியவர் 2011-ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்து வர அரைமணி ஆயிற்று. பெயர் மலையாள எழுத்தில் சற்றுச் சிதைந்திருந்தது. ஊர் என்ற இடத்தில் ‘மாலி’ என்றிருந்தது. இந்நகரில் மாலத்தீவார் எல்லாருக்கும் அதுவே ஊர். அவருடைய தீவு ஃபெலிதூ என்றேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ‘எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்’ என்று பேனாவை எடுத்தார். சொன்னேன். எழுதினார்.

கல் நிற்கிறது. வளைந்ததும் இல்லை, கூர்ந்ததும் இல்லை. எல்லாக் குழிகளுக்கும் வைத்திருக்கும் அதே சிறு கருங்கல், எண் மட்டும் வெள்ளைச் சாயத்தில். படம் எடுத்து அனுப்பினேன். கடல் ஓசை கேட்கிறதா என்று வெயில் தாழும் வரை நின்று பார்த்தேன். கேட்கவில்லை; ஆட்டோக்களின் ஓசையும், ஐந்தரை மணி வாக்கில் ஒரு விமானம் ஏறிப்போகும் ஓசையும் கேட்டன. அதை அப்படியே அவருக்கு எழுதினேன்.